சுவரில் ஒட்டிய பிறைகள்

ஐந்து வயதுப் பிள்ளைக்கு நோன்பு கடமையில்லை. இது எனக்கும் தெரியும், எங்கள் தலைமை ஆசிரியைக்கும் தெரியும், பிள்ளைகளைக் காரில் கொண்டுவந்து இறக்கும் உம்மாமாருக்கும் தெரியும். ஆனாலும் வியட்நாமின் சைகோன் நகரில், தாவோ தியென் பக்கம் ஒரு வாடகை பங்களாவின் கீழ்த்தளத்தில் நடந்த எங்கள் முஸ்லிம் மழலையர் பள்ளியில், ரமலான் பிறந்ததும் ஒரு சுவரைக் காலி செய்து தங்க நிறக் காகிதப் பிறைகளை ஒட்ட ஆரம்பித்தோம். நோன்பு வைத்த பிள்ளைக்கு ஒரு பிறை. இந்த மகத்தான யோசனை தலைமை ஆசிரியையுடையது. பிறையோடு பிள்ளையை நிறுத்திப் படம் பிடித்து உம்மாமாரின் வாட்ஸ்அப் குழுவில் போடுவது துணை ஆசிரியையான என் வேலை. போட்ட கையோடு மாஷா அல்லாஹ் வந்து குவியும். பெற்ற பிள்ளை பட்டினி கிடப்பதற்கு இவ்வளவு வாழ்த்து வேறெங்கும் கிடைக்காது.

நான் காரைக்காலிலிருந்து போனவள். கணவருக்கு டான் சோன் நாட் விமான நிலையத்தில் சரக்குக் கம்பெனியில் வேலை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் இந்தப் பள்ளியில் சேர்ந்தேன்.

காலையில் ஸலாம், பிறகு சூரா ஓதல், ஆங்கில எழுத்துகள், களிமண். அதற்குப் பின் தீனி வேளை. ரமலானில் இதற்கு மட்டும் தனிச் சட்டம்: நோன்பில்லாத பிள்ளைகள் பின்னறைக்குப் போய், திரையை இழுத்துவிட்டு, சத்தமில்லாமல் சாப்பிட வேண்டும். நோன்பாளிகளுக்கு ஆசை வந்துவிடக் கூடாதாம். பால் மணம் மாறாத பிள்ளைகள் திருடர்களைப் போல ஒளிந்து பிஸ்கட் தின்றார்கள். பின்னறைக்குப் போகும் கூட்டம் நாளுக்கு நாள் குறைந்தது. தலைமை ஆசிரியை இதை ஈமானின், இறைநம்பிக்கையின், வளர்ச்சி என்றார். என் வாயில் நல்ல வார்த்தை வரவில்லை, நோன்பு என்பதால் அடக்கிக்கொண்டேன்.

அந்த ஈமானின் லட்சணத்தை நான் குழாயடியில் பார்த்தேன். மதியத் தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவி ஒளுச் செய்யும்போது வாய் கொப்பளிக்க வேண்டும் அல்லவா? எங்கள் குட்டி நோன்பாளிகள் கை நிறைய நீரை அள்ளி வாயில் ஊற்றுவார்கள். உள்ளே போனது வெளியே வராது. மூன்று முறை கொப்பளிப்பது சுன்னத்து, நபிவழி. இவர்கள் வயிறு குளிரும்வரை கொப்பளித்துவிட்டு, சட்டை நனைய, பவ்யமாகத் தொழ வந்து நிற்பார்கள். நான் கண்டும் காணாததுபோல் இருந்துவிடுவேன். அந்தப் பள்ளியில் புத்தியோடு நடந்துகொண்டவர்கள் அவர்கள் மட்டும்தான்.

ஒரு சிறுமிக்கு மட்டும் பிறை இல்லாமலே இருந்தது. அவள் வாப்பா எங்கள் ஊர்க்காரர், பக்கத்து மாகாணமான பின் யுவோங்கில் தொழிற்சாலை மேற்பார்வையாளர். உம்மா வியட்நாம்காரி, நிக்காஹ்வின்போது இஸ்லாத்துக்கு வந்தவர். "அவளுக்கு என்ன தெரியும், பாவம்" என்று மற்ற உம்மாமார் உச்சுக்கொட்டுவார்கள். அந்தப் பாவம் தினமும் சோறும் முட்டையும் கட்டிக் கொடுத்து, "புள்ள சாப்டணும், டீச்சர்" என்று தெரிந்த தமிழில் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் போய்விடுவார்.

ஒருநாள் சிறுமி டப்பாவைத் திறக்கவில்லை. "நான் நோன்பு" என்றாள். கெஞ்சினேன், மிரட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. அன்று வெயில் வேறு மண்டையைப் பிளந்தது. குழாயடியிலாவது குடித்துவிடுவாள் என்று அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று முறை கொப்பளித்தாள், மூன்று முறையும் துப்பினாள். உதட்டில் ஒட்டியிருந்த ஈரத்தைக்கூடக் கையால் துடைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது.

தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்து சஜ்தாவுக்குப் போனவள் எழுந்திருக்கவில்லை. ஓடிப்போய்த் தூக்கி மடியில் போட்டேன். உடம்பு கொதித்தது. முகத்தில் தண்ணீர் தெளித்ததும் கண் திறந்தாள். அவள் உம்மாவைக் கூப்பிடப் போனை எடுத்தேன். தலைமை ஆசிரியை என் கையில் போனைப் பார்த்ததும் பூரித்துப்போனார்.

"சுப்ஹானல்லாஹ், என்னா ஈமான் பாருங்க! அப்டியே மடியில வச்சே ஒரு போட்டோ எடுங்க. மத்த புள்ளைங்களுக்கும் ஒரு பாடமா இருக்கும்ல."

உம்மாவை உடனே வரச் சொல்லிவிட்டு, ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவரச் செய்து சிறுமியின் வாயருகே பிடித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாள்.

"குடி புள்ள, ஒனக்கு நோன்பு கெடையாது. அல்லா ஒன்னும் சொல்ல மாட்டான்."

"நீங்க குடிக்கலையே டீச்சர்?"

அவள் கேட்டது நியாயம். அந்த டம்ளரை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தேன். முறிந்த ஒரு நோன்பைப் பெருநாளுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்பதுகூட அப்போது மனத்தில் ஓடவில்லை. மறுபடி நிரப்பி நீட்டினேன். என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தவள், இரண்டு கையாலும் வாங்கி மடமடவென்று குடித்தாள்.

"புள்ளைங்க முன்னாடி நோன்ப முறிக்கிறீங்களே, ஒங்களுக்கு வெக்கமா இல்ல?" என்றார் தலைமை ஆசிரியை.

"இருக்கு. இங்க வேல பாக்குறேன்ல" என்றேன்.

சிறுமி காலி டம்ளரை நீட்டி, இன்னும் வேண்டும் என்றாள். அவளுக்குப் பின்னால், தொழுகை வரிசையைக் கலைத்துவிட்டு வந்த மற்றப் பிள்ளைகளும் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.