சுல்பா போட்ட எட்டும் மூன்று பூனைகளும்

அக்கீலாவின் தலைப்பிள்ளை மூன்று நாளாகக் கண் மூடவில்லை. வீறிட்டு வீறிட்டு வீட்டையே கையில் எடுத்திருந்தது. நாலாம் நாள் வெயில் ஏறும் நேரம் எப்படியோ தூங்கிப் போனது. முற்றத்தில் கருவாடு பரப்பிக்கொண்டிருந்த அக்கீலாவின் உம்மா சபூராவுக்கு நெஞ்சு பக்கென்றது. பக்கத்து வீட்டு சுல்பாவின் ஸ்கூட்டர் ஒழுங்கையால் வருகிற நேரம் அது.

ஸ்கூட்டர் வந்தது. சத்தம் வரவில்லை. சபூரா வேலி இடுக்கால் எட்டிப் பார்த்தாள். சுல்பா எஞ்சினை நிறுத்தி, செருப்பையும் கழற்றி முன்கூடைக்குள் போட்டுவிட்டு, கால் புதையும் அந்தச் சுடு மணலில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போனாள். வியர்வை முகத்தில் வழிந்தது. பள்ளிவாசல் வளைவு தாண்டிய பிறகுதான் தூரத்தில் எஞ்சின் முனகியது. அதற்குப் பிறகு ஒருநாளும் அவள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. சபூராவும் கேட்கவில்லை. அல்லாஹ் பார்த்திருப்பான், அது போதும் என்று விட்டுவிட்டாள்.

அந்த ஸ்கூட்டர் சுல்பாவின் கைக்கு வந்து நிலைத்த கதையைச் சபூரா சொல்லத் தொடங்கினால், நடுவில் சிரிப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்திவிடுவாள். கேட்கிறவர்கள் தண்ணீர் கொடுத்து எழுப்ப வேண்டும்.

சுல்பா முசலிப் பக்கத்தாள். தொண்ணூறாம் ஆண்டு, வடக்கிலிருந்த முஸ்லிம்களை ஊரைவிட்டு விரட்டியபோது, பதினைந்து வயதில், ஒரு துணி மூட்டையோடு ஆலங்குடாக் கரைக்கு வந்தவள். இங்கேயே வள்ளக்காரன் செய்னுலாப்தீனுக்கு வாழ்க்கைப்பட்டாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. ஆனால் அந்தக் கற்பிட்டித் தீவகற்பத்தில் பிறந்த பிள்ளைகள் பாதிப் பேரை அவள் காலில் கிடத்திக் குளிப்பாட்டியிருக்கிறாள். எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்ற வீட்டில் நாற்பது நாளைக்கு ஒரு கைராசிக்காரி வந்து, தாய்க்கு இலை அவித்த தண்ணீர் ஊற்றி, பிள்ளைக்கு எண்ணெய் பூசிக் குளிப்பாட்டி, சாம்பிராணி பிடித்துவிட்டுப் போகவேண்டும். அந்தக் கைராசிக்காரி சுல்பா. வெயில் உறைக்குமுன் குளிப்பாட்டி முடிக்க வேண்டும் என்பதால், நடந்து போனால் காலையில் ஒரு வீடு. கெட்டிக்காரத்தனமாக ஓடினால் இரண்டு வீடு. மற்ற வீடுகளுக்கு முடியாது என்று சொல்லும்போதெல்லாம் அவள் முகம் சுருங்கிப்போகும்.

இரண்டாயிரத்துப் பதினாலில், புத்தளத்தில் இருந்த அவளுடைய நானா சுஹைர், தான் ஓடிய நீல நிற ஸ்கூட்டரைத் தங்கச்சிக்குக் கொடுத்தார். கொடுக்கும்போதே ஒரு கட்டளையும் போட்டார்.

"நோன்புக்கு முந்தி லைசன் எடுக்கணும். எடுக்காட்டி ஸ்கூட்டர் திரும்பி என்ட வீட்டுக்கு வந்துரும். லைசன் இல்லாம ஓடி ஆரையாவது முட்டினா, அந்தப் பாவத்துல எனக்கும் பங்கு. வேணாம்."

சுல்பா தலையாட்டினாள். அப்போது அவளுக்குச் சொல்லிவைத்திருந்த பிரசவ வீடுகள் நாலு. அதில் ஒன்று, ஏழு மாதத்தில் இருந்த அக்கீலா. அதனால் அந்த லைசன் சபூராவுக்கும் சொந்த அலுவல் போல ஆகிவிட்டது.

ஓட்டம் பழகியது கடற்கரையில். கடல் வற்றுகிற நேரத்தில் ஈர மணல் சீமெந்துத் தரை போல் இறுகிக் கிடக்கும். பழக்கியது பாயிஸ். கற்பிட்டி றோட்டில் மோட்டார் சைக்கிள் திருத்துகிற கராஜ் அவனுடையது. முதல் நாள் சுல்பா பிஸ்மி சொல்லி ஏறினாள். ஏறினது மட்டும்தான் அவளுக்கு ஞாபகம். ஸ்கூட்டர் சீறிக்கொண்டு நேரே கடலுக்குள் போய், முழங்கால் தண்ணீரில்தான் நின்றது. காற்றாடி கட்டிக் கடலில் பாய்கிற வெள்ளைக்காரர்கள் நாலைந்து பேர் கை தட்டினார்கள்.

"ராத்தா! பிரேக் ஏன் புடிக்கல்ல?" என்று பாயிஸ் தலையில் கை வைத்துக்கொண்டு ஓடி வந்தான்.

"புடிச்சன் தம்பி! ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சன்!"

"நீங்க புடிச்சது கைபுடி! அத முறுக்க முறுக்கத்தான் அது பாயும்!"

"அப்ப நல்லாத்தான் பாய்ஞ்சிரிக்கி" என்றாள் சுல்பா, ஈர அபாயாவைப் பிழிந்தபடி. கரையில் நின்ற சபூரா மணலில் குந்தியே விட்டாள். சிரித்த சிரிப்பில் எழும்ப முடியவில்லை.

அன்று பாயிஸ் இரண்டு விஷயம் சொல்லிக் கொடுத்தான். ஒன்று, உப்புத் தண்ணீர் பட்டால், உப்புக் காற்றில் நின்றாலும்கூட, நல்ல தண்ணீரால் கழுவித் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் துரு தின்றுவிடும். மற்றது, ஏறுமுன் ஒவ்வொரு முறையும் டயரில் காற்று, இரண்டு பிரேக், லைட், எண்ணெய் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"தொழப் போறதுக்கு முந்திக் கை கால் கழுவுற வுளூ மாதிரி" என்றாள் சுல்பா. "விட்டுட்டுப் போனா கூடாது. அப்பிடித்தானே?"

"அப்பிடியே வெச்சிக்கங்க ராத்தா."

அப்படியே வைத்துக்கொண்டாள். மழையோ வெயிலோ, குனிந்து டயரை அழுத்தி, பிரேக்கைப் பிடித்தபடி ஒரு தள்ளுத் தள்ளி, லைட்டைப் போட்டு அணைத்துப் பார்க்காமல் ஏறவே மாட்டாள். ஒழுங்கையால் போகிறவர்கள், "சுல்பா ஸ்கூட்டருக்கு வுளூ செய்யிறா, வழி விடுங்க" என்று பகிடி பண்ணுவார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

துரு என்ற சொல் ஆனால் செய்னுலாப்தீனின் நெஞ்சில் போய்க் குத்தியிருந்தது. பெண்டாட்டியின் ஸ்கூட்டரை அவள் பார்ப்பதைவிட அவர்தான் கூடப் பார்த்தார். பார்த்துப் பார்த்து, லைசன் சோதனைக்கு முந்தின நாள் அஸர் தொழுதுவிட்டு வந்த நேரம், பின்சில்லில் கடுகளவு துருவைக் கண்டுபிடித்துவிட்டார். வள்ளக்காரனுக்கு உப்பைத் தடுக்கத் தெரிந்த மருந்து ஒன்றுதான். வாப்பா காலத்து மர வள்ளத்துக்கு வருடாவருடம் பூசுகிற சுறா எண்ணெய். சுல்பா ஒரு பிரசவ வீட்டுக்குச் சாம்பிராணி பிடிக்கப் போயிருந்தாள். மனுசன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை ஸ்கூட்டருக்குப் பூசினார். வள்ளத்தில் பலகை இணையும் இடத்துக்குத்தான் கூட எண்ணெய் குடிக்கக் கொடுப்பார்கள். அந்தப் பழக்கத்தில், இரண்டு சில்லின் நடுவிலும் பிரேக் கம்பி உள்ளே போகிற இடுக்கில் கரண்டி கரண்டியாக ஊற்றினார். அது குடித்துக்கொண்டே இருந்தது. அவருக்குப் பரம சந்தோசம்.

காலையில் ஸ்கூட்டர் மணமகன் போல மினுங்கியது. மணம்தான் வேறு மாதிரி இருந்தது.

"என்ன நாத்தம் சுல்பா?" என்றாள் சபூரா.

"இவர் ஆசையில என்னமோ பூசி வெச்சிரிக்கார். மனசு நோவும், சும்மா இரி."

பாயிஸ் தன் சின்ன லொறியில் ஸ்கூட்டரை ஏற்றிக் கட்டி, மேலே படங்குச் சீலையால் மூடினான். அவனும் சுல்பாவும் சபூராவும் முன்னால் நெருக்கிக்கொண்டு புத்தளத்துக்குப் போனார்கள். வழியில் கழுதைக் கூட்டம் ஒன்று றோட்டை மறித்து நின்றது. லொறியின் பின்பக்கம் ஏதோ கீச்சென்ற மாதிரி இருந்தது, யாரும் கவனிக்கவில்லை. சோதனை நடக்கிற மைதானத்தில் படங்கை விலக்கினால், ஸ்கூட்டர் சீட்டில் ஒரு வெள்ளைப் பூனை, கால் வைக்கிற இடத்தில் ஒரு கறுப்பு, முன்கூடைக்குள் காது கிழிந்த ஒரு மஞ்சள். மூன்றும் நக்கிக்கொண்டிருந்தன.

"ராத்தா, ஒரு ஆளுக்குத்தான் லைசன் தருவாங்க" என்றான் பாயிஸ்.

மைதானத்தில் முப்பது பேர் நின்றார்கள், சுல்பாவைத் தவிர அத்தனையும் ஆம்பிளைகள். தரையில் சிவப்புக் கூம்பு வைத்து எட்டுப் போட வழி விட்டிருந்தார்கள். எட்டு முடிந்ததும் வெள்ளைக் கோட்டில் நிறுத்த வேண்டும். சுல்பா பதினாலாம் நம்பர். பதினோராம் ஆளைக் கூப்பிடும்போது அவள் தன் வழக்கப்படி குனிந்தாள். டயர் சரி. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளினாள். ஸ்கூட்டர் போனது. இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அப்போதும் போனது. வெண்ணெயில் கத்தி போகிற மாதிரிப் போனது.

அவள் நிமிர்ந்து சபூராவைப் பார்த்தாள். இதுதான் நோன்புக்கு முந்தின கடைசிச் சோதனை.

"பிரேக் இல்ல சபூரா."

"இல்லாட்டி என்ன புள்ள?" சபூரா காதோடு சொன்னாள். "மட்டத் தரைதானே? மெதுவா எட்டப் போடு. கோட்டுக்கிட்ட கால ஊண்டி நிப்பாட்டு. ஆருக்குத் தெரியும்? லைசன எடுத்துட்டுப் புறவு திருத்திக்குவம். அக்கீலாவ நினைச்சிப் பாரு!"

சுல்பா அந்த எட்டைப் பார்த்தாள். அதைச் சுற்றி ஓரமாகக் குந்தியிருந்த ஆட்களைப் பார்த்தாள். "அங்க ஒரு மனுசன் கால நீட்டிக்கிட்டு இரிக்கார் பாரு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நேரே சோதனை எடுக்கிற உத்தியோகத்தரிடம் போனாள். அவர் சிங்களவர், தொப்பை வைத்த, களைத்துப்போன மனுசன். தமிழ் நன்றாகக் கதைத்தார்.

"சேர், என்ட பிரேக் புடிக்குதில்ல. நான் இதுல ஏற மாட்டன்."

அவர் பேனையை நிறுத்தினார். "அக்கா, பிரேக் இல்லாம எட்டுப் போட வந்தவங்க நிறைய. வாயால சொன்னது நீங்க ஒராள்தான்." பட்டியலைப் பார்த்தார். "கடைசி நம்பர் முடியிற வரைக்கும் இருப்பன். அதுக்குள்ள திருத்திக்கிட்டு வாங்க. இல்லாட்டி நோன்புக்குப் புறவுதான்."

பிறகு நடந்ததைச் சபூரா ஒரே மூச்சில்தான் சொல்லுவாள். வேப்பமர நிழலில் பாயிஸ் சில்லைக் கழற்ற, உள்ளேயிருந்து சுறா எண்ணெய் குழம்பு போல வடிந்தது. மூன்று பூனைகளும் மரக்கட்டை போல உறைந்து நின்று பார்த்தன.

"யா அல்லாஹ்! பிரேக் பட்டை பொரிச்ச மீன் மாதிரி ஊறிப் போய்க் கிடக்கு" என்று பாயிஸ் கத்தினான். "இனித் துடைச்சு வேலையில்ல. புதுசு போடணும்." சாமான் கடைக்கு ஓடினான். சுல்பா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, குழாயடியில் சவர்க்காரம் போட்டு, பட்டை உரசுகிற இரும்பைத் தேய்த்தாள். பிள்ளைக்குக் காது மடிப்பில் தேய்ப்பது போல விரல் விட்டுத் தேய்த்தாள். சபூராவின் வேலை பூனை துரத்துவது. ஒன்றைத் துரத்த இரண்டு வந்தன. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினாள். வரிசையில் நின்றவர்கள் லைசனை மறந்து பூனைப் பக்கமும் சபூரா பக்கமும் பிரிந்து கூச்சல் போட்டார்கள். இருபதாம் நம்பர். இருபத்தைந்து. பாயிஸ் புதுப் பட்டையைக் கடித்துக்கொண்டு ஓடி வந்தான். இருபத்தெட்டு. முன்சில்லு பூட்டியாயிற்று. முப்பது. "முடிஞ்சுது" என்று உத்தியோகத்தர் எழும்பிக் கதிரையை மடிக்கவும், சுல்பா ஸ்கூட்டரைப் பிரேக் பிடித்துத் தள்ளிப் பார்க்கவும் சரியாக இருந்தது. சில்லு அசையவில்லை.

"சேர்! பதினாலாம் நம்பர்!" என்று சபூரா போட்ட சத்தத்தில் மரத்துக் காகங்கள் கிளம்பின.

சுல்பா பிஸ்மி சொல்லி ஏறினாள். சில்லு கழுவியாயிற்று, ஆனால் ஸ்கூட்டரின் மேனி முழுக்க எண்ணெய் அப்படியேதான் இருந்தது. அவள் முதல் வளைவில் திரும்ப, வெள்ளைப் பூனை பின்னால் திரும்பியது. அதன் பின்னால் கறுப்பு. அதன் பின்னால் மஞ்சள். சுல்பா கண்ணை நேரே வைத்து, கூம்பு ஒன்றையும் தொடாமல், வட்டமாகப் போய்க் குறுக்கே வெட்டி மற்ற வட்டத்துக்கு வந்தாள். மூன்று பூனைகளும் வாலைத் தூக்கிக்கொண்டு அதே எட்டைப் போட்டன. மைதானமே ஓவென்று சிரித்தது. பாயிஸ் எண்ணெய்க் கையால் முகத்தை மூடிக்கொண்டான். கடைசி வளைவில் மஞ்சள் பூனை குறுக்கு வழியால் பாய்ந்து, நேரே போய் வெள்ளைக் கோட்டுக்கு அப்பால் குந்திக்கொண்டது.

சபூராவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

சுல்பா இரண்டு பிரேக்கையும் மெல்ல, சேர்த்துப் பிடித்தாள். ஸ்கூட்டர் கோட்டின் மேல் நின்றது. சில்லுக்கும் பூனைக்கும் நடுவில் ஒரு சாண். பூனை எட்டி டயரை முகர்ந்து பார்த்தது.

உத்தியோகத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடதாசியில் ஒப்பம் வைத்தார். "அக்கா பாஸ்" என்றார். "அந்த மூணு பேரும் ஹெல்மட் இல்லாததால ஃபெயில்."

வீட்டு வாசலில் செய்னுலாப்தீன் காத்து நின்றார். சபூரா வழியெல்லாம் அவருக்கென்று நல்ல நாலு வார்த்தை சேர்த்துவைத்திருந்தாள்.

"எப்பிடி? எல்லாரும் பார்த்தாங்களா? மினுங்கிச்சா?" என்று அவர் கேட்டார்.

"எல்லாரும் பார்த்தாங்க. கண் எடுக்கல்ல" என்றாள் சுல்பா. சபூராவின் கையை ஒரு கிள்ளுக் கிள்ளினாள். அவர் தேத்தண்ணி குடித்து முடித்த பிறகுதான் பக்கத்தில் இருந்து சொன்னாள். "சில்லுக்குள்ள எண்ணெய் போனா பிரேக் புடிக்காதாம். எனக்கும் தெரியா, நீங்களும் அறியல்ல. இனி ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணியால கழுவித் தாறது உங்கட பொறுப்பு. என்ன?"

மனுசன் நடந்ததைக் கேட்டு முதலில் தலையில் அடித்துக்கொண்டார். பூனைகள் எட்டுப் போட்ட இடம் வந்ததும் அவரும் விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து அவர் கழுவாமல் அந்த ஸ்கூட்டர் ஒரு இரவும் படுத்ததில்லை.

அக்கீலாவின் பிள்ளையை நாற்பது நாளும் சுல்பாதான் குளிப்பாட்டினாள். காலையில் நாலு வீடு, சில நாள் ஐந்து. லைசன் கையில் கிடைத்த பிறகுதான் முதன்முதலாகச் சபூராவைப் பின்னால் ஏற்றினாள். சபூரா கண்ணை மூடிக்கொண்டு கலிமா சொல்லிக்கொண்டே போனாள். "கலிமாவச் சொல்லு, இடுப்பக் கிள்ளாத" என்று சுல்பா கத்தினாள்.

பதினெட்டாம் ஆண்டு முசலியில் அவளுடைய உம்மாவின் காணி திரும்பக் கிடைத்தது, அங்கேயே போய்க் குடியிருப்பதென்று முடிவாயிற்று. செய்னுலாப்தீன் வள்ளத்தோடு கடலால் முந்தியே போய்விட்டார். வீட்டுச் சாமான் லொறியில் ஏறிப் போனது. சுல்பா புத்தளம் வரைக்கும் ஸ்கூட்டரில் போய், நானா வீட்டில் தங்கிப் போவதாக ஏற்பாடு. ஒழுங்கை முழுக்க அவள் குளிப்பாட்டிய பிள்ளைகள் நின்றன. அவள் குனிந்து டயரை அழுத்தினாள், பிரேக்கைப் பிடித்துத் தள்ளினாள், லைட்டைப் பார்த்தாள். ஹெல்மட்டைப் போட்டு வாரை இறுக்கினாள். அப்போதுதான் சபூரா ஓடிப்போய்க் கட்டிப் பிடித்தாள். விடவே இல்லை. அழுதுகொண்டே நின்றாள்.

அதற்குப் பிறகு சபூரா அவளைக் காணவில்லை. அன்று சுல்பா ஹெல்மட்டுக்குள்ளிருந்து சொன்னது இதுதான்:

"வுடு புள்ள, ஹெல்மட் முட்டுது. அழுறதெண்டா வீட்டு வாசல்ல தள்ளி நிண்டு அழு. பள்ளிவாசல் வளைவு வரைக்கும் கண்ணாடியில உன்னப் பாத்துக்கிட்டே, மெதுவாப் போறன்."