குக்கருக்குள் புகை

ஒரு பைக்கு ஆறு வினாடி. விமான நிலையத்தில் எக்ஸ்ரே திரைக்கு முன்னால் உட்காருபவருக்குக் கிடைப்பது அவ்வளவுதான். தம்பி வாயால் இதைக் கேட்ட பிறகுதான் அக்காவின் கணினியில் அலமாரிகளுக்கு நடுவே கத்திகள் முளைத்தன.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. தச்சுப் பட்டறையில் அலமாரி, கட்டில்களைக் கணினியில் வரைபவர். எல்லாமே இலவச மென்பொருள்: ஒன்றில் அளவு போட்டு வரைவார், இன்னொன்றில் வெளிச்சம் பாய்ச்சி வாடிக்கையாளர் வாயைப் பிளக்கும்படி படமாக்குவார்.

தம்பி, பைகளைச் சோதிப்பவர். திரை பார்ப்பவர்களுக்கான தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தார். மூன்றாவதும் போனால் திரையை விட்டு எழுந்து, பயணிகள் பை வைக்கும் தட்டுகளை அடுக்கப் போக வேண்டியதுதான். கூட வேலை செய்கிறவர்கள் கேலியாகக் 'கழுகு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அக்காவும் விடவில்லை.

"எதுலடா மாட்டின, கழுகு?"

"கத்தியிலக்கா. பயிற்சிப் படத்துல கத்தி எப்பவும் படுத்திருக்கும். பரீட்சையில விளிம்பை மட்டும் காட்டிக்கிட்டு செங்குத்தா நிக்குது. வெறும் கோடுதான் தெரியுது. குடைக்கம்பின்னு விட்டுட்டேன்."

"வேற படம் கேக்க வேண்டியதுதானே?"

"அதே படத்தைத்தான் வருஷக்கணக்கா ஓட்டுறாங்க. கண்ணை மூடிக்கிட்டே பதில் சொல்லுவேன்."

அக்காவுக்குக் கை துறுதுறுத்தது. டேப்போடு சமையலறைக்குள் புகுந்தார். குக்கர், குடை, இஸ்திரிப் பெட்டி, காய் நறுக்கும் கத்தி எல்லாவற்றையும் அளந்து வரைந்து ஒரு பைக்குள் அடைத்தார். பொருள்களைக் கண்ணாடி போலாக்கி, ஓரங்களை மட்டும் அழுத்தமாகக் காட்டினார். பார்த்தால் அச்சு அசல் எக்ஸ்ரே. கணவர் எட்டிப் பார்த்து, "நான் தொலைச்ச மூக்குக் கண்ணாடி உள்ள இருக்கான்னு பாரேன்" என்றார்.

தம்பி மட்டும் திரையருகே குனிந்து நெற்றியைச் சுருக்கினார்.

"என்னடா, பிடிக்கலையா?"

"அழகா இருக்குக்கா. ஆனா பொய்யா இருக்கு."

"எது பொய்?"

"இஸ்திரிப் பெட்டி அடியில முழு இரும்பு. இங்க பலூன் மாதிரி தெரியுது. குக்கரும் அதுவும் ஒண்ணு மேல ஒண்ணு வர்ற இடம் இன்னும் கறுக்கணும். கறுக்கவே இல்லையே."

அக்கா மறுபடி படத்தைப் பார்த்தார். இரண்டு முறை தோற்றவன் சொல்கிறான், சரியாகத்தான் சொல்கிறான். வாடிக்கையாளருக்குக் காட்டும் படத்துக்கு மேல்தோல் போதும். பலகைக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பழக்க தோஷத்தில் இரும்புக்கும் தோல் மட்டும் போர்த்தியிருந்தார்.

மேகம் வரைவது எப்படி என்று யாரோ இணையத்தில் கேட்டிருந்த சந்தேகத்துக்கு வந்த பதிலில் வழி கிடைத்தது. தோலை எடுத்துவிட்டுப் பொருளைப் புகையால் நிரப்ப வேண்டும். இரும்புக்கு அடர்ந்த புகை, துணிக்கு மெல்லியது. பின்னாலிருந்து வெளிச்சம். எவ்வளவு புகையைத் தாண்டுகிறதோ அவ்வளவு கறுப்பு.

புதுப் படத்தைப் பார்த்ததும் தம்பி விழுந்து விழுந்து சிரித்தார். "குக்கருக்குள்ள என்னக்கா, கான்கிரீட்டா?"

அக்கா உட்புறத்தைக் குடைய மறந்திருந்தார். பலகைத் தடிமனை மில்லிமீட்டர் சுத்தமாகப் போடுகிறவருக்கு இது மானப் பிரச்சினை. குக்கரைக் குடைந்தார். குடைக்கம்பியையும் விடவில்லை, அதுவும் குழாய்தானே.

அப்போதுதான் அது தெரிந்தது. குழாயின் இரு ஓரமும் கறுத்து, நடுவில் வெளுத்திருந்தது. பக்கத்தில் செங்குத்தாக நின்ற கத்தியோ ஒரே அட்டைக் கறுப்பு. வெளிச்சம் அதன் அகலம் முழுவதையும் ஊடுருவி வர வேண்டியிருந்ததே.

"அக்கா, நடுவுல வெளுப்பு இருந்தா குடை. இல்லேன்னா பையை நிறுத்திப் பாக்கணும். இவ்வளவுதானா?"

"என்னைக் கேட்டா? நீதானே கழுகு."

அதன்பின் அக்கா கத்தியை ஒவ்வொரு கோணமாகத் திருப்பிப் படமாக்கினார். தம்பி வேலை முடிந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் பார்ப்பார். தப்பாகச் சொன்னால் பாத்திரம் தேய்க்க வேண்டும் என்பது அக்கா போட்ட சட்டம். முதல் வாரம் அந்த வீட்டில் பாத்திரம் பளபளத்தது.

மூன்றாம் தேர்வில் தம்பி தேறினார். பட்டப்பெயர் மட்டும் போகவில்லை. எப்படிப் படித்தாய் என்று பயிற்சி அதிகாரி கேட்டு, படங்களை வாங்கிப் பார்த்திருக்கிறார். அடுத்த மாதம் வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதலில் காட்டப்போவது அக்கா வீட்டுக் குக்கரைத்தான்.