ராகு காலத்தில் கொண்டுபோன டப்பா

அன்று திங்கட்கிழமை, காலை ஏழே முக்கால். விக்கிரவாண்டியில் எங்கள் வீட்டு வாசலில் வாடகைக் கார் நிற்கிறது. என் ரவிக்கைக்குள் ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பா. வாசற்படியை மறித்துக்கொண்டு என் மாமியார்.

“ராகு காலத்துல எங்கடி கெளம்பிக்கினு கீற? ஒம்பது மணி வரைக்கும் படி தாண்டக் கூடாது.”

டப்பாவில் இருந்தது என் கணவரின் விந்து, அப்போதுதான் எடுத்தது. திண்டிவனத்து ஆஸ்பத்திரியில் அதற்கென ஒதுக்கிய அறையில் போன தடவை அவரால் முடியவில்லை. கதவுக்கு வெளியே ஆட்கள் இருமிக்கொண்டிருந்தால் மனுஷனுக்கு எப்படி வரும்? அதனால் டாக்டரம்மா வீட்டிலிருந்தே கொண்டுவரச் சொன்னார். உடம்புச் சூடு குறையாமல் ஒரு மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும். என் கருமுட்டையை எடுப்பதும் அன்றைக்குத்தான். ஊசியெல்லாம் போட்டாகிவிட்டது, தள்ளிப்போட வழியில்லை.

எனக்குத்தான் ஏதோ வைத்தியம் என்று மாமியார் நினைத்திருந்தார். தன் விந்தணுக்களில் ஓடுகிறவை குறைவு என்பதை வீட்டில் சொல்லாதே என்று கணவர் கெஞ்சியிருந்தார். விழுப்புரத்தில் நாத்தனார் வளைகாப்பில், “நீ வளையல் போடாத, தள்ளி நில்லு” என்று எல்லார் முன்னாலும் மாமியார் சொன்னபோதுகூட வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

கணவர் பக்கம் திரும்பினேன். தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அத்தை, உங்க புள்ளையோடது என் மாருக்குள்ள இருக்குது. ஆறிப்போச்சுன்னா அவ்ளோதான். கொறை எனக்கு இல்லங்க, அவருக்கு. வழிய வுடுங்க.”

கார் டிரைவர் பாட்டை நிறுத்திவிட்டார். கேட்கட்டுமே!

“இன்னாடா சொல்றா இவ?”

“நெசந்தாம்மா. கொறை என்னுதுதான்.” கணவர் தலையை நிமிர்த்தினார். “நவுரும்மா.”

மாமியார் நகர்ந்தார். டோல்கேட் வரிசையில் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கோபம் தீராமலே பிடிக்க விட்டேன்.

மதியம், என் முட்டையை எடுத்து முடித்த பிறகு, லேப் டாக்டர் திரையில் காட்டினார். விந்தைக் கழுவிச் சுழற்றிப் பிரித்த பிறகும் சில அணுக்கள் அசையாமல் கிடந்தன, சில ஒரே இடத்தில் வட்டமடித்தன. தலை கோணாமல் நேராக ஓடிய ஒன்றைத் தேடிப் பிடித்து, மெல்லிய ஊசியில் உறிஞ்சி, என் முட்டைக்குள் செலுத்தினார்.

“ஓடுச்சுடி,” என்று சொல்லி அழுதார் என் கணவர்.

அதுதான் என் மகள். “டெஸ்ட் டியூப் புள்ளையாமே?” என்று எதிர்வீட்டுக்காரி இழுத்தாள். “ஆமா, பூதக்கண்ணாடி வெச்சிப் பொறுக்கி எடுத்த புள்ள. உன்னுத யாரு பொறுக்குனா?” என்றேன். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

இப்போது ஸ்கூல் வேன் காலை எட்டு மணிக்கு வருகிறது. மாமியார்தான் ஏற்றிவிடுகிறார். பள்ளி தொடங்கிய முதல் திங்கட்கிழமை அவர் கண் காலண்டர் பக்கம் போனது.

“இன்னா அத்தை?” என்றேன்.

“ஒண்ணுமில்ல,” என்று பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.