குசினிக் கதவு வழியா கேட்ட ஓட்டு

மிலாறு எரியுற வாசம் தெரியுமா உங்களுக்கு... கவ்வாத்து வெட்டின தேயிலைக் குச்சிங்க. ஈரமா இருந்தா கண்ணைக் கரிக்கும், காஞ்சிருந்தா படபடன்னு வெடிக்கும். எங்க வட்டகொடைப் பக்கம் நான் கட்சி வேலை பார்த்ததெல்லாம் இந்தப் புகைக்குள்ளதான்.

அப்பல்லாம் எலெக்‌ஷன் வந்தா ஆம்பளைங்க கொடியும் நோட்டீசுமா, வரிசையா ஒட்டிக் கட்டின லயத்து வீடுங்க முன்பக்கம் போவாங்க. வாசல் இஸ்தோப்புல பெஞ்சு போட்டு உக்காருவாங்க. வீட்டுக்காரரு தலையாட்டுவாரு. ஓட்டு கெடைச்சிருச்சுன்னு நெனைச்சுக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருவாங்க.

நான் போறது பின்பக்கம். கழிவுத்தண்ணி ஓடுற கானைத் தாண்டி, குசினிக் கதவு வழியா.

எங்க தோட்டத்து மாதர் சங்கத் தலைவி நான். படிச்சது அஞ்சாம் வகுப்பு. ஆனா எந்த வீட்டுல ரொட்டிக்கு மா பிசைஞ்சு குடுக்கணும், எந்த வீட்டுல பிள்ளையத் தூக்கி வச்சிக்கணும்னு எனக்குத் தெரியும். ஓட்டுன்னு வாயே திறக்க மாட்டேன். கிளம்புறப்ப முந்தானைய உதறிக்கிட்டே, "நம்ம சின்னம் ஞாபகம் இருக்குல்ல" அப்படீன்னு மட்டும் கேட்டுட்டு வருவேன்.

முன்பக்கம் வர்றவங்களுக்கு தேத்தண்ணி கிளாசுல வரும், சீனி போட்டுக் கலக்கி. பின்பக்கம் வந்தா அப்படி இல்ல. சீனி போடாம வெறும் சாயத்தண்ணிய ஊத்தி வச்சிட்டு, "கைய நீட்டு"ன்னு சொல்லி உள்ளங்கையில சீனிய வைப்பாங்க. ஒரு நக்கு, ஒரு மடக்கு. வீட்டு மனுசிக்கு மட்டுந்தான் அது.

பாக்கியம் வீட்டுல எனக்கு எப்பவும் உள்ளங்கைச் சீனிதான்.

அவ வீடு கீழ் லயத்துல கடைசிக் காம்பரா. ஒரே மலையில கொழுந்தெடுத்தவங்க நாங்க. பிள்ளைங்கள விட்டுட்டுப் போற பிள்ளைக் காம்பராவுக்கு கதவு இல்லாத காலம் ஒண்ணு இருந்துச்சு. நாங்க மலைக்குப் போனப்புறம் பனி உள்ள பூந்து, கைப்பிள்ளைங்க இருமிக்கிட்டே கெடக்கும். ஒருநா, கதவு போடுற வரைக்கும் கொழுந்தை நிறுக்க விட மாட்டோம்னு கூடையோட ஆபீஸ் முன்னால உக்காந்துட்டோம். எல்லா கட்சி சங்கத்துப் பொம்பளைங்களும்தான். மொதல்ல உக்காந்தது பாக்கியம். பக்கத்துல நான். மழை வேற... தோட்டத்துத் தொரை ஆசாரிய அனுப்புனப்புறந்தான் எந்திரிச்சோம்.

பெறகு அவ வீட்டுக்காரரு வேற கட்சிக்குப் போனாரு. அவளும் போனா. சண்டையெல்லாம் இல்ல. ஆனா அந்த எலெக்‌ஷனுக்கு நான் பின்பக்கமா போனப்ப கதவு சாத்தியிருந்துச்சு. உள்ள மிலாறு வெடிக்கிற சத்தம் கேக்குது... திறக்கல.

அதுக்கப்புறம் பீலியில தண்ணி புடிக்கையில பார்த்தா,

"தண்ணி வருதா?"

"வருது."

வருசக்கணக்கா அவ்வளவுதான் பேச்சு.

போன எலெக்‌ஷனுக்கு எங்க கட்சிப் பிள்ளைங்க வந்தாங்க. "பாட்டி, நீங்க வந்தாத்தான் சனம் கேக்கும்"னாங்க. பெருமையாத்தான் இருந்துச்சு. நல்ல சேலையா கட்டிக்கிட்டுப் போனேன்.

அவங்களுக்கு முன்பக்கம் மட்டுந்தான் தெரியும். நோட்டீசக் குடுக்குறாங்க, சிரிக்கச் சொல்லி போட்டோ எடுக்குறாங்க, அடுத்த வீடு. பாதிக் காம்பரா பூட்டிக் கெடக்கு. ஆளுங்க கொழும்புல, துபாயில.

பாக்கியம் வீட்டு முன்னாலயும் போய் நின்னேன். அவ வெளிய வந்து என்னைய மேலயும் கீழயும் பார்த்தா.

"வாங்க தலைவியம்மா. உக்காருங்க."

தேத்தண்ணி கிளாசுல வந்துச்சு. சீனி கலக்கி.

பிள்ளைங்க ருசிச்சுக் குடிச்சாங்க. நான் பாதியோட கீழ வச்சிட்டேன்.

மறுநா நோட்டீஸ் இல்லாம, வீட்டுல கட்டுற சேலையோட, கானைத் தாண்டிப் போனேன். கதவு சாத்தித்தான் இருந்துச்சு. பின்கதவைத் தட்டுற பழக்கம் எங்களுக்கு இல்ல. "பாக்கியம், நான்தான்"னேன்.

உள்ள இருந்து அவ குரல் மட்டும் வந்துச்சு.

"இன்னைக்கு போட்டோக்காரங்க வரலியா?"

"நான் மட்டுந்தான்."

"ஓட்டு கேக்க வந்தியா?"

"இல்லடி. எங்க வீட்டுல அடுப்புக்கு மேல ஒழுகுது. ஒங்க வீட்டுல எப்படின்னு பார்க்க வந்தேன்."

கதவு திறந்துச்சு.

"வந்து பாரு. எனக்கு படுக்கைக்கு மேல. ஒன் கட்சி குடுத்த கூரைத் தகரம் அடுப்புல ஒழுகுது, என் கட்சி குடுத்த தகரம் படுக்கையில ஒழுகுது. நீ கொஞ்சம் அதிர்ஷ்டக்காரிதான்."

சிரிச்சுக்கிட்டே அடுப்படியில உக்காந்தோம். அவ குனிஞ்சு அடுப்பை ஊதிக்கிட்டே சொன்னா...

"அன்னைக்கு அந்தக் கதவுக்காக உக்காந்தப்ப, யாரு எந்தக் கட்சின்னு யாரு கேட்டா? பிள்ளைங்களுக்குக் குளிருதுன்னு உக்காந்தோம். இப்பவும் என்னத்த கேக்குறோம்... சொந்தமா ஒரு துண்டு மண்ணு, ஒழுகாத கூரை. நீயும் அதைத்தான் கேக்குற, நானும் அதைத்தான் கேக்குறேன்."

பெறகு சீனி போத்தலைத் திறந்தா.

"கைய நீட்டு."

பாதிச் சீனி கீழ சிந்திருச்சு. மிச்சத்த நக்கிட்டு ஒரு மடக்கு குடிச்சேன்.

கிளம்புறப்ப முந்தானைய உதறினேன். சின்னம்னு வாய் வரைக்கும் வந்துச்சு... சொல்லல. அவ யாருக்குப் போட்டான்னு இன்னைக்கு வரைக்கும் கேட்டதும் இல்ல.

எலெக்‌ஷன் முடிஞ்ச கையோட அவ மகன் வந்து கொழும்புப் பக்கம் வத்தளைக்கு கூட்டிட்டுப் போயிட்டான். மாடி வீடாம். "பின்பக்கம் கதவே இல்ல ராசாத்தி"ன்னு போன்ல சொன்னா.

இப்ப கட்சி வேலையெல்லாம் போன்லதான். குரூப்புல என்னையும் சேர்த்திருக்காங்க. காலையில கும்புடுற கை வருது, நானும் ஒரு கும்புடு அனுப்புறேன். நர்சுக்குப் படிக்கிற என் பேத்திதான் இப்படி எழுதக் கத்துக் குடுத்தா. முழுசும் நானே அடிச்சேன், பார்த்துக்கங்க.

பொழுது சாயிறப்ப ரயில் கூவிக்கிட்டுப் போகும். அப்ப கீழ் லயத்தைப் பார்ப்பேன். கடைசிக் காம்பராவுல புகை இல்ல.

சாயத்தண்ணிய ஊத்தி, என் கையில நானே சீனிய வச்சுக்கிட்டுக் குடிக்கிறேன். குசினிக் கதவை மட்டும் சாத்துறதில்ல. பனி உள்ள வருது...

வந்துட்டுப் போகட்டும்.