டிராமில் நான் சொன்ன பொய்

இன்று காலை மயிலாப்பூர் டிராமில் ஏறினேன். எதிர்ப் பலகையில் ஆஸ்பத்திரி நர்சம்மா. என் மகனுக்குக் காலில் ஆபரேஷன் ஆனபோது கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பி வைத்தவர்.

"என்னம்மா, பையன் நடக்கிறானா?"

"நல்லா நடக்கிறான்மா. வேலைக்குப் போய்க்கினு கீறான்."

அவன் செத்து ஐந்து மாதம் ஆகிறது.

நர்சம்மாவின் பக்கத்தில் ஒரு சிந்தாதிரிப்பேட்டைப் பெண். அவள் புருஷனுக்கும் காலில்தான் கட்டு. நாளைக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்களாம்.

"பாத்தியா? இந்தம்மா மாதிரி சொன்னபடி கேட்டு நடந்துக்கோ" என்று அவளிடம் என்னைக் காட்டினார்.

கட்டு நனையக் கூடாது என்று எனக்கு மூன்று முறை சொன்னவர் அவர். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஆஸ்பத்திரித் தீட்டோடு எப்படி உள்ளே விடுவது என்று வாசலிலேயே அவன் தலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். நனைந்த கட்டைத் தொடப் பயந்து அப்படியே விட்டேன். புண் சீழ் வைத்து, அதிலேயே போய்விட்டான்.

அந்தப் பெண் கேட்டாள்: "யக்கா, தண்ணி ஊத்தாம எங்க மாமியா உள்ள வுடாது. இன்னா பண்றது?"

"ஊத்தாதேம்மா."

"நீ ஊத்தலியா?"

நர்சம்மா சிரித்த முகமாய் என்னையே பார்த்தார்.

"ஊத்தலை" என்று சொல்லி இறங்கிவிட்டேன்.

பிள்ளை செத்ததைச் சொல்லியிருந்தால் அவள் மாமியாரை எதிர்த்து நின்றிருப்பாள். எனக்கு நர்சம்மாவின் மெச்சல் பெரிதாகப் போய்விட்டது.

சிந்தாதிரிப்பேட்டையில் இருக்கிறவர்களே, நாளைக்குக் கால் கட்டோடு யாராவது வண்டியில் வந்து இறங்கினால் குடத்தைப் பிடுங்குங்கள். என் பிள்ளை செத்த கதையைச் சொல்லியே தடுங்கள். உங்களிடம் திறக்கிற வாய் டிராமில் அவளிடம் திறக்கவில்லை.