ஒரு லிட்டருக்குள் அடங்காத காகிதம்

என் தம்பி வெட்டினால் நூல் பிசகாது. அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை. எங்கள் தையல் கடையில் எனக்கு அடுத்த மெஷினில் உட்கார்ந்து, பகலெல்லாம் சீருடை தைத்து, மாலை வகுப்பில் படித்து ஆசிரியரானவன் அவன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அவன் கழுத்தில் அளவு நாடாவுக்குப் பதில் பள்ளி அடையாள அட்டை தொங்கிய அன்று, எதிர்ப்பட்டவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னேன். “காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு” என்று பக்கத்துக் கடைக்காரர் சிரித்தார். சிரித்துவிட்டுப் போகட்டும்.

பள்ளியில் மட்டும் அவன் தையல் கடையைப் பற்றி வாய் திறந்ததில்லை. நானும் கேட்டதில்லை.

வேலை தற்காலிகம்தான். தலைமையாசிரியை வந்து ஒரு பாடத்தை உட்கார்ந்து பார்ப்பார். திருப்தி என்றால் நிரந்தரம், இல்லையென்றால் பழையபடி மெஷின். தம்பி எடுத்துக்கொண்ட பாடம் திரவங்களின் அளவு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மில்லி லிட்டர் வாயில் நுழையும், மண்டையில் ஏறாது. அதனால் காகிதத்திலேயே ஒரு டின் செய்தான். நீளமான அட்டை ஒன்று, அதுதான் ஒரு லிட்டர். அரை லிட்டர் என்று எழுதிய நீலக் காகிதம் இரண்டை அதன்மேல் அடுக்கினால் அட்டை நிறைய வேண்டும். கால் லிட்டர் பச்சை என்றால் நான்கு. நூறு மில்லி மஞ்சள் என்றால் பத்து. எப்படிப் பிரித்தாலும் டின் ஒன்றுதான் என்று பிள்ளைகள் கையாலேயே கண்டுகொள்வார்களாம். அவன் சொன்னபோது எனக்கே புரிந்துவிட்டது.

அன்று காலை என் வெட்டு மேசையில் வைத்து எல்லாவற்றையும் அவனேதான் வெட்டினான். பொத்தான் தைத்துக்கொண்டிருந்த நான் ஒரு காகிதத்தைக்கூடத் தொடவில்லை. அடுக்கிப் பார்க்கக்கூட நேரமில்லாமல் கட்டிக்கொண்டு ஓடினான். பசை டப்பாவை மறந்துவிட்டான். அதைக் கொடுக்கத்தான் பின்னாலேயே போனேன்.

நான் வகுப்பு வாசலில் நின்றதை அவன் கவனிக்கவில்லை. தலைமையாசிரியை கடைசி பெஞ்சில் இருந்தார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நீலம் இரண்டும் அட்டையைத் தாண்டிக் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தன. பச்சை இன்னும் அதிகமாக நீட்டியது. மஞ்சளில் எட்டு வைத்ததுமே அட்டை நிறைந்துவிட்டது. இரண்டு கையில் மிஞ்சின.

“சார், பால் பொங்கி வழியுது” என்றாள் ஒருத்தி.

“எட்டு நூறு மில்லியே ஒரு லிட்டரா சார்? எங்கம்மாகிட்ட சொல்றேன், அப்படியே வாங்கட்டும்” என்றாள் இன்னொருத்தி.

வாசலிலிருந்தே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. பென்சில் கோடு ஒவ்வொரு காகிதத்திலும் உள்ளே இருந்தது. வெட்டு அதற்கு அரை அங்குலம் தள்ளி இருந்தது. தைக்கும்போது உள்ளே மடங்குவதற்காக நாங்கள் துணியில் விடுகிற இடம் அது. பழகிய கை காகிதத்துக்கும் தையல் விட்டுவிட்டது.

தலைமையாசிரியை எழுந்து வந்து ஒரு மஞ்சள் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். “கோடு சரியாத்தான் இருக்கு. ஏன் சார் தள்ளி வெட்டியிருக்கு?”

தம்பியின் காது சிவந்தது. “அது... நான் வெட்டல மேடம். எங்கக்கா வெட்டினாங்க. அவங்க அவ்வளவா படிக்கல.”

சொல்லிவிட்டுத் திரும்பியவன் அப்போதுதான் என்னைப் பார்த்தான். அவன் பார்வை போன இடத்துக்குத் தலைமையாசிரியையின் பார்வையும் வந்தது.

“நீங்கதானா அந்த அக்கா?”

அளவு தப்பியது என்று ஒரு சட்டைகூட என் கடைக்குத் திரும்பி வந்ததில்லை. அதைச் சொல்ல வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

“ஆமாம்மா. துணி வெட்டுற கை. தையலுக்கு விட்டுட்டேன்.”

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. செய்யாத தப்புக்கும் வெட்கம் வரத்தான் செய்கிறது.

“அதனாலென்ன, கோட்டோட வெட்டிட்டா சரியாப்போச்சு” என்றார் அவர்.

என் பையில் கத்தரி எப்போதும் இருக்கும். எடுத்து நீட்டினேன். தம்பி என் விரல் படாமல் வாங்கிக்கொண்டான். தரையில் மண்டியிட்டு, கத்தரியின் கீழலகு தரையை விட்டு எழாமல், ஒரே ஓட்டமாக வெட்டிக்கொண்டு போனான். பிள்ளைகள் சுற்றி வந்து குனிந்து பார்த்தார்கள்.

“எப்படி சார் இவ்ளோ நேரா வருது?” என்றாள் பால் பொங்குகிறது என்றவள்.

கத்தரி நின்றது. அவன் நிமிரவில்லை.

“நான் தையல்காரன்மா. இங்க வர்றவரைக்கும் அக்கா கடைலதான் இருந்தேன். இதை வெட்டினதும் நான்தான்.”

“அப்போ ஏன் சார் அக்கா வெட்டினாங்கன்னு சொன்னீங்க?”

“வெக்கமா இருந்துச்சு.”

“இப்போ?”

“இப்போ அதைவிட.”

தலைமையாசிரியை பெஞ்சுக்குத் திரும்பிப் போய், மிச்சப் பாடத்தையும் இருந்து பார்த்தார். மஞ்சள் பத்தும் அட்டைக்குள் அடங்கின. ஆயிரம் மில்லி ஒரு லிட்டர் என்று பிள்ளைகள் கத்தியது, பசை டப்பாவைக் கொடுக்க மறந்து தெருவுக்கு வந்துவிட்ட எனக்கும் கேட்டது.

வேலை நிரந்தரமாகிவிட்டது. அதைச் சொல்லக் கடைக்கு வந்தவன், சொல்லி முடித்த பிறகும் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீ எதுக்குக்கா ஆமான்னு சொன்னே? ரெண்டு அறை விட்டிருக்கலாம்ல?”

“வகுப்புல வச்சா? வாத்தியாரையா?”

சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.