என் மனுசனின் கைகள் நடித்த படம்

எங்கள் வீட்டு வாசல் மணியில் இருக்கும் பெயர் என் மாமனாருடையது. தபால்பெட்டியிலும் அவர்தான் இருக்கிறார். மின்சாரக் கட்டணக் கடிதம் வருவதும் அவர் பெயரில்தான். அந்த மனிதர் ஹம்பேர்க்கைக் கண்ணால் கண்டதில்லை. செத்தே பன்னிரண்டு வருடமாகிறது. என் மனுசன் பாலச்சந்திரன் 1992இல் ஜேர்மனிக்கு அகதியாக வந்து இறங்கியபோது, எங்கள் வழக்கப்படி தகப்பன் பெயரை முன்னாலும் தன் பெயரைப் பின்னாலும் சொல்லியிருக்கிறார். எழுதிக்கொண்ட அதிகாரி தகப்பன் பெயரைக் குடும்பப்பெயர் என்று பதிந்துவிட்டார். அன்றிலிருந்து வேலையிடத்தில், வைத்தியரிடத்தில், மகள் ஆதிரையின் பள்ளிக்கூடத்தில், எல்லா இடத்திலும் இவர் ஹெர் பரராசசிங்கம், அதாவது திரு பரராசசிங்கம். நான் கல்யாணம் கட்டி வந்த முதல் மாதமே இதைத் திருத்தச் சொன்னேன்.

"விடும் சுபானி, ஆருக்கு என்ன நட்டம்" என்றார்.

இந்த "விடும்" என்ற ஒரு சொல்லோடுதான் நான் இருபத்தாறு வருடமாகக் குடும்பம் நடத்துகிறேன்.

அவர் துறைமுகத்துப் பக்கம் ஒரு சீன உணவகத்தில் சமையற்காரர். 1996இல் கோப்பை கழுவப் போனவர். நாலு வருடத்தில் தாச்சிச் சட்டி அவர் கைக்கு வந்தது. முதலாளி ஹெர் லின் வஞ்சகம் இல்லாத மனிதர்தான், ஆனால் ஒரு சட்டம் வைத்திருந்தார். பாலச்சந்திரன் சாப்பாட்டு மண்டபத்துக்குள் வரக்கூடாது. சீனச் சாப்பாட்டுக்குக் காசு கொடுக்கும் ஜேர்மன்காரர் சீன முகத்தைத்தான் பார்க்கவேண்டுமாம். ஒருமுறை ஒரு வயதான பெண் வாத்துக்கறியைச் சாப்பிட்டுவிட்டு, சமைத்தவருக்குக் கைகொடுக்க வேண்டும், கூப்பிடுங்கள் என்று கேட்டிருக்கிறா. ஹெர் லின் குசினிக்குள் வந்து, இவருடைய ஏப்ரனைக் கழற்றித் தான் கட்டிக்கொண்டு போய்க் கைகொடுத்துவிட்டு வந்தார். இதை இவர் வீட்டுக்கு வந்து சிரித்துச் சிரித்துச் சொல்கிறார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

"உங்களுக்கு ரோசம் எண்டு ஒண்டு இல்லையோ?"

"ஏப்ரன் அவருக்குக் காணாது. பாதி வயிறு வெளிய நிண்டது" என்றார். அவருக்கு அதுதான் கவலை.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். மாமனார் பரராசசிங்கம் யாழ்ப்பாணத்தில் தபாலதிபராக இருந்தவர். ஆம்பிளை குசினிக்குள் கால் வைப்பது இழுக்கு என்று நினைத்தவர். தண்ணீர் வேண்டுமென்றாலும் விறாந்தையில் இருந்தபடிதான் குரல் கொடுப்பார். தாய்க்குக் கொழுக்கட்டை பிடித்துக் கொடுத்ததற்காக இவருக்குப் பத்து வயதில் அடி விழுந்திருக்கிறது. அப்படிப்பட்ட மனிதரிடம், உங்கள் மூத்த மகன் தாச்சி பிரட்டுகிறான் என்று எப்படிச் சொல்வது? இவர் சொல்லவில்லை. கொம்பனியில் வேலை என்றே கடைசிவரை சொன்னார். என் தம்பியின் கோட்டுச் சட்டையை வாங்கிப் போட்டுப் படம் எடுத்து அனுப்பினார். உணவகத்தின் பின்பக்கம் குப்பைத்தொட்டிகளுக்கு அருகில் நின்று தகப்பனோடு தொலைபேசியில் கதைப்பார். உள்ளே தாச்சி அடிபடும் சத்தம் கேட்டால், "அது மெசின் ஓடுது அப்பா" என்பார். மாமனார் 2012இல் அந்த மெசினை நம்பியபடியே கண்ணை மூடினார்.

இனிப் படத்துக்கு வருகிறேன். போன வருடம் பங்குனியில் சீனாவிலிருந்து ஒரு படப்பிடிப்புக் குழு வந்து ஹெர் லினுடைய உணவகத்தைப் பத்து நாளுக்கு எடுத்துக்கொண்டது. குடும்பப் படம். ஹம்பேர்க்கில் உணவகம் நடத்தும் ஒரு பிடிவாதக்காரக் கிழவர், அவரோடு முகம் கொடுத்துப் பேசாத மூன்று பிள்ளைகள், எல்லோரும் கூடுகிற புதுவருட விருந்து. முன்பாதி முழுக்கச் சிரிப்பு, பின்பாதி முழுக்க அழுகை. எங்கள் ஆட்கள் எடுத்தாலும் இதே கதைதான், ஒரு பாட்டு மட்டும் கூட இருக்கும்.

கிழவராக நடித்தவர் ஷென் என்பவர். திரையில் தலை காட்டினாலே அவருடைய நாட்டில் சனம் சிரிக்குமாம். ஆனால் கத்தி பிடிக்கத் தெரியாது. இஞ்சி நறுக்கச் சொன்னால் விறகு கொத்துவது போலக் கொத்தினார். முதல்நாள் மத்தியானமே விரலை வெட்டிக்கொண்டார். நாற்பது வருடம் உணவகம் நடத்திய ஆளின் கையா இது என்று இயக்குநர் தலையில் கைவைத்துக்கொண்டு இருக்க, குசினி மூலையில் என் மனுசன் தன்பாட்டுக்கு வெங்காயத்தாள் அரிந்துகொண்டிருந்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டு எல்லோரும் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள்.

அதோடு ஷென்னுக்கு முகம், இவருக்குக் கை என்று முடிவாயிற்று. ஒப்பனைக்காரப் பெண் இவருடைய கைகளுக்கு முழங்கைவரை வெள்ளைப் பூச்சுப் பூசி, அதற்கு மேல் கோதுமை மாவைத் தூவினா. ஷென்னுடைய புறங்கையில் ஒரு மச்சம் இருக்கிறது. அதையும் இவர் கையில் வரைந்தா. இவருடைய மணிக்கட்டில் ஒரு பெரிய எரிதழும்பு. மாவுக்குக் கீழேயும் தெரிந்தது. அதை மறைக்க ஏலாதென்று, அதே தழும்பை ஷென்னின் கையிலும் வரைந்துவிட்டார்கள். இயக்குநர் அந்தத் தழும்புக்காக ஒரு வசனமும் எழுதினார். அது 2007 கிரிக்கெட் உலகக் கிண்ண இறுதியாட்டத்தைக் காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டு, கொதித்த எண்ணெயைக் கவனிக்காமல் விட்டதால் வந்த தழும்பு. இலங்கை தோற்றதுமல்லாமல் எனக்கு ஒரு மாதம் மருந்து கட்டுகிற வேலையும் வந்தது.

இவர் மச்சத்தோடு வீட்டுக்கு வந்து அதைக் கழுவாமல் சாப்பிட்டார்.

"இஞ்சருங்கோ, முகத்தையும் காட்டச் சொல்லிக் கேட்டா என்ன?" என்றேன்.

"என்ர முகத்தைப் பாத்துச் சீனாவில ஆர் சிரிக்கிறது? அது அவரின்ர தொழில்" என்றார்.

மூன்றாம் நாள் எனக்கு முதியோர் இல்லத்தில் காலை வேலை மட்டும்தான். முடித்துக்கொண்டு நேரே அங்கே போனேன். விருந்துக் காட்சிக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. மூத்த மகளாக நடித்த பெண் இவர் பிடித்த சீனக் கொழுக்கட்டையை வாயில் வைத்து, மென்று, கண்ணீர் விட்டு, இயக்குநர் நிறுத்தச் சொன்னதும் மேசைக்குக் கீழே இருந்த வாளியில் துப்பினா. நான் நிற்க நிற்கப் பதினாலு தரம். சமைத்தவரை எதிரில் வைத்துக்கொண்டு சாப்பாட்டைத் துப்புவதைப் பார்க்க எனக்குக் கை துறுதுறுத்தது. என் மனுசனோ, "பாவம், பதினாலையும் விழுங்க ஏலுமே? இன்னும் எத்தினை கிடக்கு" என்று அந்தப் பெண்ணுக்காக இரக்கப்படுகிறார்.

கொழுக்கட்டையின் ஓரத்தை அவர், எங்கள் ஊரில் பிள்ளைக்குப் பல்லு முளைக்கும்போது அவிக்கும் பல்லுக்கொழுக்கட்டை மாதிரி நுள்ளி நுள்ளி மடிப்பார். அது தாயிடம் களவாகப் படித்தது. இயக்குநருக்கு அந்த மடிப்பு நன்றாகப் பிடித்துவிட்டது. எந்த மாகாணத்து மடிப்பு என்று கேட்கச் சொல்லி, ஜேர்மன் தெரிந்த உதவியாளர் மெய் என்ற பெண்ணை அனுப்பினார்.

"வடக்கு மாகாணம்" என்றார் என் மனுசன். மெய் மொழிபெயர்த்துச் சொல்ல, இயக்குநர் எல்லாம் விளங்கியவர்போலத் தலையாட்டினார்.

அந்த நேரத்தில்தான் நான் மெய்யைப் பிடித்து, படத்தில் இவருடைய பெயர் எந்த இடத்தில் வரும் என்று கேட்டேன். கைகளுக்குப் பெயர் போடுகிற வழக்கமில்லை என்று மெய் மரியாதையாகத்தான் சொன்னா. எனக்கு ஏப்ரன் கதை நினைவுக்கு வந்துவிட்டது. இருபத்தேழு வருடம் கதவுக்குப் பின்னால் நின்றது போதாதென்று, இப்போது இன்னொருவர் முகத்துக்குக் கீழே நிற்கப்போகிறாரா?

"அப்படியானால் நாளைக்கு இவர் வரமாட்டார்" என்று ஜேர்மனில் சொன்னேன்.

நாளைக்குத்தான் விருந்துக் காட்சி. இருநூறு கொழுக்கட்டை வேண்டும். என் மனுசன் மெய்யின் தோளுக்குப் பின்னால் நின்று, வேண்டாம் வேண்டாம் என்று மாவுக் கையை ஆட்டினார். நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. மெய் போய் இயக்குநரோடு கதைத்துவிட்டு ஒரு படிவத்தோடு வந்தா. இவர் கையெல்லாம் மா. போதாததற்கு இவருடைய எழுத்தை இவராலேயே வாசிக்க ஏலாது. நான்தான் பேனையை வாங்கினேன். சின்னப் படிவம். பெயருக்கு ஒரு கட்டம், தொலைபேசி இலக்கத்துக்கு ஒரு கட்டம், கீழே கையெழுத்து. மெய் நின்றபடியே காத்திருந்தா, அங்கிருந்து யாரோ கூப்பிட்டுக்கொண்டும் இருந்தார்கள். அச்செழுத்தில் தெளிவாக நிரப்பி, இவரைக் கொண்டு கையெழுத்து வைப்பித்துக் கொடுத்தேன். அன்று வீடு திரும்பும்போது நான் ஒரு அடி உயரமாக நடந்தேன் என்றால் பொய்யில்லை.

படம் இந்த வருடம் சீனப் புதுவருடத்துக்கு வெளிவந்தது. பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஹம்பேர்க்கில் ஒரேயொரு காட்சி, கீழே ஜேர்மன் எழுத்துகளோடு. நானும் இவரும் ஆதிரையும் போனோம். ஹெர் லின் எங்களுக்கு முன் வரிசையில் இருந்தார்.

திரை முழுக்க என் மனுசனின் கைகள். இஞ்சி மெல்லிய நூலாக விழுந்தது. மாவு உருண்டது, விரிந்தது, மடிந்தது. பக்கத்தில் இருந்த ஒருவர் தன் மனைவியிடம், "கையைப் பார்" என்று ஜேர்மனில் சொன்னார். இந்தக் கை இதோ இங்கே இருக்கிறது, சோளப்பொரியை அள்ளிக்கொண்டு இருக்கிறது என்று அவரை உலுப்பிச் சொல்லவேண்டும் போல இருந்தது. ஷென் தழும்பை மகளிடம் காட்டி, நீ பிறந்த செய்தியைக் கேட்ட நேரத்தில் பட்ட காயம் என்று சொன்னபோது கொட்டகையே மூக்கை உறிஞ்சியது. உலகக் கிண்ணக் கதை தெரிந்த நானும் அழுதேன். எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது.

படம் முடிந்து சனம் எழும்பியது. நான் இரண்டு பேரையும் எழும்பவிடவில்லை. ஆதிரை படம் எடுக்கக் கைபேசியைத் தூக்கிப் பிடித்தாள். சீன எழுத்துகள் கீழிருந்து மேலே போய்க்கொண்டே இருந்தன. ஐந்து நிமிடம் இருக்கும். பிறகு எங்களுக்கு வாசிக்கத் தெரிந்த ஆங்கில எழுத்தில் ஒரேயொரு வரி வந்தது.

பரராசசிங்கம்.

அதற்கு முன்னால் எதுவும் இல்லை, பின்னால் எதுவும் இல்லை.

எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. இந்த நாட்டுப் படிவங்களில் முதல் கட்டத்தில் குடும்பப்பெயர், இரண்டாவதில் சொந்தப்பெயர். இருபத்தைந்து வருடமாக எழுதி எழுதிப் பழகிய கை. மெய் தந்த படிவத்திலும் முதல் கட்டத்தைக் கண்டதும் அது தன்பாட்டுக்குப் பரராசசிங்கம் என்று எழுதிவிட்டது. சொந்தப்பெயரை எழுத அடுத்த கட்டத்துக்கு வந்தால் அங்கே தொலைபேசி இலக்கம் கேட்டிருந்தது. நானும் இலக்கத்தை எழுதிவிட்டு, எல்லாம் முடிந்தது என்று பேனையை மூடியிருக்கிறேன். யாரையும் திட்ட வழியில்லை. சண்டை பிடித்தது நான், எழுதியதும் நான்.

ஹெர் லின் திரும்பிப் பார்த்து, "பெயருக்கு மேலே என்ன போட்டிருக்கிறது தெரியுமா? குசினியில் வேலை செய்த கைகள் என்று" என்றார்.

என் மனுசன் வெறுந்திரையையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"கடைசியில அப்பா குசினிக்குள்ள வந்திட்டார்."

எஸ்-பான் ரயிலில் திரும்பி வரும்போது எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. "நான் மெய்க்கு எழுதப்போறன். திருத்தத்தான் வேணும். எவ்வளவு பாடுபட்டு வாங்கினது" என்றேன்.

"விடும்" என்றார். ஆனால் இந்த முறை சிரிக்கவில்லை. ஆதிரையின் கைபேசியை வாங்கி அந்த ஒரு வரியை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு இருந்தார். கண் நிறைந்திருந்தது. "பதினாறு வருசம் அவருக்கு ஒளிச்சன் சுபானி. மெசின் எண்டு சொன்னன். செத்தவீட்டுக்கும் போக ஏலேல்லை. எனக்குச் சொல்ல ஏலாமப் போனதை நீர் ஒரு பேனையால சொல்லிப்போட்டீர்."

மெய்க்கு எழுதவில்லை. கல்யாணம் கட்டிய காலத்திலிருந்து முதல்முறையாக ஒரு விசயத்தை நானும் விட்டுவிட்டேன்.

ஆனால் என் வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை. படத்தில் முகம் ஷென்னுடையது, பெயர் என் மாமனாருடையது. எந்தப் படிவத்திலும் சரியாக வராததை இங்கேயாவது எழுதி வைக்கிறேன். அந்தக் கைகள் பாலச்சந்திரனுடையவை.